தகரத்தில் வந்த குஞ்சுகள்

உடையப்பன் கங்காணி சத்தியம் செய்து யாரும் கேட்டதில்லை. அதற்குத் தேவை இருந்ததில்லை. அவர் தலையை அசைத்தால் போதும், சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அந்தக் காரியம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். அவருடைய தகப்பனார் துறையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆள் திரட்டியபோது, கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்த ஒரு மனிதரின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறின. வந்த இடத்தில் காய்ச்சலில் செத்தவர்கள் உண்டு, பாம்பு கடித்துச் செத்தவர்கள் உண்டு. ஆனால் கங்காணி பொய் சொல்லி அழைத்து வந்துவிட்டார் என்று சாகும்போதுகூட ஒருவரும் சொன்னதில்லை. தகப்பனார் போன பிறகு அந்தப் பெயர் உடையப்பனிடம் வந்தது. விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக முதுகு வளையாமல் நிற்பார். மழை பெய்தாலும் அந்த இடத்தைவிட்டு ஒதுங்க மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், மழை ஓய்ந்த கையோடு தோட்டத்துக் கோழிகளைக் கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போயிற்று. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளின் பின்னால் கிளறித் திரிந்த கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்து முறுக்கிக்கொண்டு விழுந்தன. அடைக்கு உட்கார ஒரு பெட்டை மிஞ்சவில்லை. சாப்பாட்டுக்கு முட்டை இல்லையே என்பது இரண்டாவது கவலைதான். ஆடியில் முனியாண்டிக்குப் பூசை. அந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்ட சேவலைக் கடையில் வாங்கி வந்து வெட்டிவிட முடியாது. குஞ்சாக எடுத்து, மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, காலில் மஞ்சள் நூல் கட்டி, நேர்ந்துகொண்டவள் தன் கையாலேயே இரை போட்டு வளர்க்க வேண்டும். இடையில் அது செத்துப்போனால், சாமி அந்த வேண்டுதலைத் தள்ளிவிட்டது என்று அர்த்தம். அந்த வருஷம் வேண்டுதல்கள் ஏராளம். ஏனென்றால் காய்ச்சலும் ஏராளம்.

உடையப்பனின் தம்பி பழனியப்பனுக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. தோட்டத்துக் கடைக்குச் சாமான் வாங்க அடிக்கடி ஈப்போவுக்கு ரயிலேறிப் போய்வருகிறவன் அவன். அங்கே ஒரு சீன முதலாளி, அங்கத்துப் பேச்சில் தௌகே, உமியைச் சூடாக்கி, கூடை கூடையாக முட்டைகளை அதற்குள் புதைத்துக் கோழியில்லாமலே குஞ்சு பொரிக்க வைப்பதைப் பார்த்திருந்தான். குஞ்சு ஓட்டைவிட்டு வெளியே வந்த அன்றே வாங்கினால் விலை மலிவு. இரண்டொரு நாள் தீனி போடாவிட்டாலும் உயிரோடு இருக்கும் என்று தௌகே சொன்னதை மட்டும் அவன் காதில் வாங்கிக்கொண்டான். தட்டையான மூங்கில் கூடையில் காற்றோட்டமாகக் கொண்டுபோ, குளிர் படாமல் வைத்துக்கொள் என்று அதே தௌகே சொன்னதை விட்டுவிட்டான். கூடைக்குத் தனிக்காசு. வீட்டில் காலி மண்ணெண்ணெய்த் தகரங்கள் கிடந்தன.

மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் மாட்டுவண்டி ஸ்டேஷனிலிருந்து வந்து கங்காணி வீட்டுப் பின்வாசலில் நின்றது. பழனியப்பன் தகரத்தை இறக்கி வைத்து மூடியை நெம்பினான். மூடியில் ஆணியால் போட்ட சில ஓட்டைகள்தான் காற்றுக்கு வழி. திறந்ததும் எழுந்த வெக்கையிலும் நாற்றத்திலும் உடையப்பன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

மேலே இருந்த குஞ்சுகள் அலகைத் திறந்தபடி தள்ளாடின. அவை நின்றுகொண்டிருந்தது தகரத்தின் அடியில் அல்ல, அடியில் கிடந்த குஞ்சுகளின் மேல். நசுங்கியவை, வெந்தவை, பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கத்தியது. தொண்டையில் சத்தம் தீர்ந்துபோயிருந்தது.

பழனியப்பன் அசரவில்லை. செத்ததை வாரிக் காட்டுப்பக்கம் வீசினான். பிழைத்ததை ஒரு சட்டி மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, சாக்கின் மேல் பரப்பினான். அழுக்குப் போனதும் அவை பொன் நிறத்தில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன.

“இதை விக்கப் போறியா?” என்று உடையப்பன் கேட்டார்.

“பின்ன? லயத்துல சொல்லியாச்சுண்ணே. பொம்பளைங்க வந்துக்கிட்டு இருக்காங்க.”

“என்னன்னு சொன்ன?”

“ஈப்போவுல என் மாமியார் வீட்டுல அடை வச்சு எடுத்ததுன்னு. பொறந்து ஒரு வாரம் ஆச்சு, தாய்க்கோழியோட மேஞ்ச குஞ்சுன்னு. நம்ம வீட்டுக் குஞ்சுன்னா கேள்வி கேக்க மாட்டாங்க.”

உடையப்பனுக்குக் காது சுட்டது. அந்த வீட்டுப் பெயரை வைத்து இதுவரை யாரும் பொய் விற்றதில்லை. ஆனால் கோபத்தில்கூட அவர் நினைத்தது பெயரைத்தான், தகரத்துக்குள் கிடந்ததை அல்ல. பழனியப்பனை அறையலாமா என்று யோசித்தார். அறைந்தால் லயம் முழுக்கக் கேட்கும். ஏன் அறைந்தார் என்று கேள்வி வரும்.

“கோழிக்குஞ்சுதானேண்ணே,” என்றான் தம்பி. “பாதி சாவும், பாதி வளரும். எங்கதான் சாவல?”

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். உடையப்பன் உள்ளே போயிருக்கலாம். போனால் தம்பியின் வியாபாரத்தில் தனக்குச் சம்மதமில்லை என்று தெரிந்துவிடும் என்று நினைத்து, வாசல் தூணருகே கைகட்டி நின்றார். அவர் நின்றதே விலையை உயர்த்தியது. பெண்கள் பேரம் பேசவில்லை.

கடைசியாக வந்தவள் ராக்காயி. பால்வெட்டும் சின்னையாவின் பெண்டாட்டி. அவளுடைய ஒரே பெண் நவமணிக்கு மார்கழியிலிருந்து விட்டுவிட்டுக் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த கொய்னா மருந்தைக் குழந்தை துப்பினாலும், மூக்கைப் பிடித்து விழுங்க வைத்துக்கொண்டிருந்தாள். மருந்து ஒரு கை, முனியாண்டி ஒரு கை என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். குஞ்சை உள்ளங்கையில் வைத்து இறக்கையை விரித்துப் பார்த்தாள். மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள்.

“ஒரு வாரத்துக் குஞ்சுக்கு இறக்கையில தூவல் முளைச்சிருக்கணுமே. இது நேத்துப் பொறந்த மாதிரி இருக்கு,” என்றவள், பழனியப்பனை விட்டுவிட்டு நேரே உடையப்பனைப் பார்த்தாள். “ஐயா, நீங்க சொல்லுங்க. நல்ல குஞ்சுதானே? எம்பொண்ணுக்கு நேந்துக்கிட்டது.”

பழனியப்பனும் பார்த்தான். பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

உடையப்பன் தலையை அசைத்தார்.

ராக்காயி அதற்குமேல் தன் கண்ணை நம்பவில்லை. குஞ்சை முந்தானையில் பொதிந்துகொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே எல்லா வீட்டிலும் முறைப்படி மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டல் நடந்தது. அந்த முறை பழையதுதான், தப்பும் அல்ல. தாய்க்கோழி இருக்கும் வீட்டில் நனைந்த குஞ்சு ஓடிப்போய் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். சற்று நேரத்தில் ஈரம் காய்ந்துவிடும். இந்தக் குஞ்சுகளுக்கு ஓடிப் புக இடமில்லை. தகரத்தில் வெந்து, ஒருமுறை முக்கி எடுக்கப்பட்டு, இரண்டாவது முறையும் நனைந்தன. இரவில் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக் குஞ்சு தாங்கும் என்று நம்பித்தான் பெண்கள் நனைத்தார்கள். ஒரே நாள் குஞ்சு என்று தெரிந்திருந்தால் ஒருத்தியும் தண்ணீரைத் தொட்டிருக்க மாட்டாள்.

கங்காணியின் மனைவி நல்லம்மாள் மட்டும், சாக்கின் ஓரத்தில் விற்காமல் கிடந்த இரண்டைப் பழந்துணியில் சுற்றி அடுப்படியில் வைத்திருந்தாள். அவை பிழைத்தன. லயத்துக்குப் போனவை மளமளவென்று சரிந்தன. ராக்காயி வீட்டுக் குஞ்சு மஞ்சள் நூல் கட்டிய காலை நீட்டிக்கொண்டு கிடந்தது.

யாரும் குஞ்சைக் குறை சொல்லவில்லை. கங்காணி தலையசைத்த குஞ்சு அது. அப்படியானால் குறை வேறெங்கோ இருக்க வேண்டும். சாமிக்கு என்ன குற்றம் வைத்தோம் என்று ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே தோண்டிப் பார்த்தது. பழைய சண்டைகள் வெளியே வந்தன. தீட்டோடு கோயில் பக்கம் போனது யார் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டாள். ராக்காயி யாரையும் கேட்கவில்லை. குழந்தையைச் சாமி கைவிட்டுவிட்டது, இனி அதன் வாயில் கசப்பை ஊற்றிக் கொடுமைப்படுத்துவானேன் என்று கொய்னாவை நிறுத்திவிட்டாள். டிரஸ்ஸர் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொன்னபோது கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதை நல்லம்மாள்தான் கேட்டு வந்து சொன்னாள். சோறு பரிமாறும்போது சொன்னாள். உடையப்பன் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா,” என்றாள் நல்லம்மாள்.

“என்ன வார்த்தை? என் தம்பி பொய்யன்னா?”

அடுப்படியிலிருந்து இரண்டு குஞ்சுகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தம்பியைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார். டிரஸ்ஸரிடம் போய் அந்தக் குழந்தையை இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். சின்னையாவைக் கூப்பிட்டு மருந்து கொடுக்கும்படி பொதுவாகப் புத்தி சொன்னார். சின்னையா பணிவாகக் கேட்டுவிட்டு, சாமியே தள்ளிவிட்ட பிறகு மருந்து என்ன செய்யும் ஐயா என்று திருப்பிக் கேட்டான். சாமி தள்ளவில்லை என்று சொல்ல உடையப்பனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். நாள்கள் அதிலேயே போயின.

பழனியப்பன் மறுபடி ஈப்போவுக்குப் போனான். நேர்ச்சைக்கு இல்லாவிட்டாலும் முட்டைக்கு ஆசைப்பட்டு வாங்க ஆள் இருந்தது. அவன் திரும்பி வரும் நாளில், ரப்பர் பாலைச் சுமந்து வந்து நிறுக்கும் கொட்டகைமுன் ஆணும் பெண்ணும் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். ஸ்டேஷன் வண்டி தோட்டத்துச் சாலையான சடக்கில் வருவதைப் பார்த்த உடையப்பன் நடு ரோட்டில் போய் நின்று மாட்டைப் பிடித்தார். கங்காணி மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தொட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“தகரத்தை இங்க இறக்கு.”

“வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்ணே,” என்று பழனியப்பன் குரலைத் தாழ்த்தினான். “ஆளுங்க பாக்கறாங்க.”

“பாக்கத்தான்.”

தம்பி அசையாததைக் கண்டு அவரே இறக்கினார். மூடியை நெம்பத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டார். அதே வெக்கை, அதே நாற்றம். வரிசை கலைந்து ஆட்கள் சுற்றிலும் கூடினார்கள். உடையப்பன் தகரத்துக்குள் கையை விட்டு அள்ளி, கொட்டகையின் சிமெண்டுத் தரையில் வைத்தார். செத்தவை, சாகிறவை, எழுந்து நிற்கப் பார்த்து விழுகிறவை. அவர் கை முழுக்கப் பிசுபிசுப்பு. அப்போதுதான் முதல்முறையாக ஒன்றின் நெஞ்சு தன் விரலுக்கடியில் படபடவென்று அடித்துக்கொள்வதை உணர்ந்தார். இவ்வளவு சிறிய உடம்புக்குள் இவ்வளவு பயம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு நிமிர்ந்து, பெரட்டில் பேர் கூப்பிடும் அதே குரலில் சொன்னார். இவை எந்தக் கோழியும் அடைகாத்தவை அல்ல, தௌகே கடையில் நேற்றுப் பொரித்தவை, அன்றைக்கு வந்தவையும் இவையேதான், தம்பி சொன்னது பொய் என்றார். தாயில்லாத பச்சைக் குஞ்சுகள் தகரத்தில் வெந்தும் குளிரில் நனைந்தும் செத்தனவே தவிர, முனியாண்டி யாருடைய வேண்டுதலையும் தள்ளவில்லை என்றும் சொன்னார்.

சின்னையா வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

“அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சா?”

“ஆமா.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

சின்னையா லயத்தை நோக்கி ஓடினான். உடையப்பனும் பின்னால் போனார். ராக்காயி கதவருகே உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாசலில் நின்ற கங்காணியை அண்ணாந்து பார்த்தாள். எழுந்து நிற்கவில்லை.

“இறக்கை முளைக்கலையேன்னு நான் கேட்டேன்,” என்றாள். “நீங்க தலையை ஆட்டுனீங்க.”

“ஆட்டினேன் தாயி. தப்பு.”

“அன்னிக்கு என் கண்ணு பாத்ததை விட்டுட்டு உங்களை நம்புனேன். இப்ப மறுபடியும் நம்பச் சொல்றீங்க.”

சொல் ஒன்றுதான் கங்காணி வீட்டின் சொத்து. அது அவளிடம் இனிச் செல்லாது.

அவள் நம்பியிருக்க மாட்டாள். தகரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த சின்னையாதான் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கங்காணி தன் வண்டியைக் கட்டச் சொன்னார். சின்னையா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வெயிலில் ஆஸ்பத்திரிச் சடக்கில் வேகமாக நடந்தான். ராக்காயி வாரிச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

நவமணியின் உடம்பு மறுநாள் விடிந்ததும் திரும்பி வந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டிரஸ்ஸர் ஆரம்பித்து, ராக்காயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் கங்காணி வீட்டார்தான் முதல் கோடி போடுவார்கள், முன்னால் நடப்பார்கள். உடையப்பன் கோடித்துணியோடு போனார். கூட்டம் அவருக்கு வழிவிடவும் இல்லை, அவரை மறிக்கவும் இல்லை. அவர் எல்லோருக்கும் பின்னால் நடந்தார். இடுகாட்டில் ஒவ்வொருவராகப் பிடி மண் போட்டபோது அவரும் குனிந்தார். சின்னையா பக்கத்தில் வந்தான். கோபமாகப் பேசியிருந்தால் உடையப்பன் தாங்கியிருப்பார். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

“உண்மையைச் சொல்லிட்டீங்கய்யா. அது போதும். மண்ணை நாங்க போட்டுக்கறோம்.”

உடையப்பன் கையிலிருந்த மண்ணைக் கீழே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பின்வாசலில் பழனியப்பன் குந்தியிருந்தான். கொட்டகைத் தரையில் பிழைத்துக் கிடந்தவற்றை நல்லம்மாள் முந்தின நாள் அள்ளி வந்து அடுப்படியில் வைத்துக் காப்பாற்றியிருந்தாள்; அந்தக் குஞ்சுகளை அவன் பழையபடி தகரத்துக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நல்லம்மாள் தடுத்துப் பார்த்துவிட்டு, கொல்லைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“எங்க?” என்றார் உடையப்பன்.

“பீடோருக்கு. மத்தியான ரயிலுக்குப் போலாம்னு. இங்கதான் ஒருத்தனும் வாங்க மாட்டானே.” பழனியப்பன் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. “உங்க பேரு இந்தத் தோட்டத்துலதாண்ணே கெட்டுப்போச்சு. பீடோர்ல இன்னும் கெடல. உங்க சம்பந்தி தோட்டத்துல, உடையப்பன் வீட்டுக் குஞ்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாங்க.”

உடையப்பன் தகரத்தைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார். குஞ்சுகள் சிதறி நல்லம்மாளின் புடவையை நோக்கி ஓடின. பழனியப்பன் எழுந்து நின்றான். அண்ணனைவிட ஒரு பிடி உயரம் அவன். இதுவரை அது தெரிந்ததில்லை.

“இதைத் தடுப்பீங்க,” என்றான். “நாளைக்கு ஈப்போவுல வேற வாங்குவேன். உங்க பேரைச் சொல்றதை எப்படித் தடுப்பீங்க?”

அது நியாயமான கேள்வி என்று உடையப்பனுக்குத் தெரிந்தது. பெயர் உயிரோடு இருக்கும் இடமெல்லாம் அவன் அதைக் கொண்டுபோய் விற்பான். அதைத் தடுக்க ஒரே வழிதான் உண்டு. சாவு வீட்டுக்குப் போய்வந்த தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வேறு வேட்டி கட்டிக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்ட நல்லம்மாளிடம் வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

பீடோரில் இறங்கி அவர் தோட்டத்துக்குள் நுழைந்தபோது வேலை முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் தலைமுண்டாசை அவிழ்த்து ஒதுங்கி நின்றார்கள். அவருடைய சம்பந்தி இராமசாமிக் கங்காணி வாசலுக்கு ஓடி வந்து, சொல்லாமல் வந்துவிட்டீர்களே சம்பந்தி என்று கையைப் பிடித்தார். பாய் விரித்தார்கள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மங்களம், அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் இடுப்பில் குழந்தை இருந்தது.

உடையப்பன் தண்ணீரை வாங்கவில்லை. பாயில் உட்காரவும் இல்லை.

“லயத்து ஆளுங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க சம்பந்தி. பொம்பளைங்களையும்.”

“கூப்பிட்டாப் போச்சு. நல்ல சமாச்சாரந்தானே?”

“இல்ல.”

இராமசாமி மகனைப் பார்த்தார். மகன் மங்களத்தைப் பார்த்தான். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினாள். ஆட்கள் வந்து கூடும் வரையில் உடையப்பன் வாசலிலேயே நின்றார். முதுகு வளையவில்லை. அவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தன் கோழிக்குஞ்சு விக்க வருவான்,” என்று அவர் ஆரம்பித்தார். “அவன் என் கூடப் பொறந்தவன். வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன், கேளுங்க.”